உடுவிலில் பெய்யாத மழை

ஆறு வாரமாக நிவேதனா ஓர் ஓட்டையைக் காதலித்துக்கொண்டிருந்தாள். அது உடுவில் ஊருக்கு நேர் மேலே, வானத்தில் இருந்தது.

யாழ்ப்பாணத்து வானிலை நிலையத்தில் அவள் அலுவலராகச் சேர்ந்து எட்டு வருடமாகிறது. வலிகாமம் முழுக்க இருக்கும் தொண்டர்கள் தங்கள் முற்றத்து மழைமானியைக் காலை எட்டரைக்குப் பார்த்து, எத்தனை மில்லிமீற்றர் என்று வட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். அவள் அவற்றைச் சரிபார்த்துக் கொழும்புக்கு அனுப்புவாள். அங்கே அவை கணினிக்குள் போய், அடுத்த பருவத்துக்கு எங்கே எவ்வளவு மழை என்று வரைபடமாக வெளியே வரும். எட்டு வருடமும் ஊரார் எண்களைச் சுமந்த தபால்காரிதான் அவள். ஒரு வரைபடத்திலும் அவளுடைய விரல் பட்ட இடம் இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மானிப்பாய் முப்பத்தெட்டு, உரும்பிராய் நாற்பத்தொன்று, இரண்டுக்கும் நடுவில் உடுவில் பூச்சியம். அடுத்த மழைக்கும் பூச்சியம். அதற்கடுத்த மழைக்கும். ஐந்தாவது பூச்சியத்தில் அவளுக்கு நெஞ்சு படபடத்தது. பத்தாவதில் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். என்ன விசயம் என்று கணவன் கேதீஸ்வரன் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். வரைபடத்தில் உடுவிலைச் சுற்றி வரைந்த சிறு வட்டத்தை ஒரு நாளைக்கு நாலு தரம் திறந்து பார்த்தாள்.

மழைமானிப் போத்தல் ஒழுகுகிறதோ என்று ஒரேயொரு தரம் தொலைபேசியில் கேட்டாள். உடுவில் தொண்டர் சிவசுப்பிரமணியம், ஓய்வுபெற்ற தபாலதிபர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் மனிதர். போத்தலை நிரப்பிச் சாப்பாட்டு மேசையில் ஓர் இரவு வைத்துப் பார்த்ததாகவும் ஒரு சொட்டும் குறையவில்லையென்றும் சொன்னார். உங்களுடைய ஊரில் மழை பெய்ததா என்று கேட்க வாய்வரை வந்தது. அவள் கேட்கவில்லை. செய்மதிப் படத்தில் உடுவிலுக்கு மேலும் முகில் இருந்தது. படத்தின் கூர்மை போதாது என்று முடிவு கட்டினாள்.

செம்மண்ணின் சூட்டையும் கடல்நீரேரிக் காற்றையும் சேர்த்து அவள் கட்டிய விளக்கம் பன்னிரண்டு பக்கத்துக்கு வந்தது. அதிகாரி அருளம்பலம் சேர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொழும்போடு நடக்கும் காணொளிக் கூட்டத்தில் அவளே சமர்ப்பிக்கலாம் என்றார். அவர்கள் ஏற்றுக்கொண்டால் பருவ வரைபடத்தில் அந்த வட்டம் நிரந்தரமாக ஏறும். அவள் கண்டுபிடித்த வட்டம்.

வியாழன் பின்னேரம், மழைமானியைப் படமெடுக்க ஸ்கூட்டியில் உடுவிலுக்குப் போனாள். வழியெல்லாம் வெங்காயப் பாத்திகள் ஈரமாக மினுங்கின. கிணற்றுத் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கையில் தேங்கிய வெள்ளம் செருப்பை நனைத்தது. அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். இப்போது ஞாபகமில்லை.

சிவசுப்பிரமணியம் விறாந்தையில் கதிரை போட்டார். அவர் மனைவி பாலேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார். முதல் மிடறு இறங்குவதற்குள் வானம் இருண்டு மழை கொட்டத் தொடங்கியது. முற்றத்தில், பூச்சாடிகளில், அவளுடைய ஸ்கூட்டியில், மழைமானியின் நடுவாயில். எந்த ஓட்டையும் இல்லாமல் சீராகப் பெய்தது. இன்றைக்குப் பார்த்தா பெய்யவேண்டும் என்று அவளுக்கு மழைமேல் கோபம்கூட வந்தது.

இருபது நிமிடத்தில் விட்டது. அவள் படியிறங்குவதற்குள் பாலேஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குசினிப் பக்கத்தால் வந்தார். பூச்சாடித் தட்டுகளைக் கவிழ்த்தார். நாயின் கோப்பையைக் கவிழ்த்தார். ஸ்கூட்டியில் மல்லாந்து கிடந்த நிவேதனாவின் ஹெல்மெட்டைக் கவிழ்த்தார். பிறகு, அதே போக்கில், மழைமானியின் மூடியைத் தூக்கிப் போத்தலை எடுத்துக் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றி, மூன்று தரம் உதறித் திரும்ப வைத்தார். ஒரு நிமிடமும் எடுக்கவில்லை.

"அன்ரி, உந்தப் போத்தலை ஒவ்வொரு நாளும் ஊத்துறனீங்களோ?"

"பின்னை? மழை விட்டவுடனை ஒருக்கா, விடிய அஞ்சு மணிக்கு முத்தம் கூட்டமுதல் ஒருக்கா." பாலேஸ்வரியின் குரலில் பெருமை இருந்தது.

புரட்டாதியில் சுகாதாரப் பரிசோதகர் வந்து, ஒரு சிரட்டைத் தண்ணீரில் டெங்கு நுளம்பின் புழுவைக் கண்டு, வாசல் படலையில் சிவப்பு அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனாராம். தபாலதிபரின் படலையில் ஒரு கிழமை தொங்கியதாம். சந்தைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி வாசித்தார்களாம். அதற்குப் பிறகு இந்த வீட்டு வளவில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்க அவர் விட்டதில்லை.

சிவசுப்பிரமணியம் கதிரையிலிருந்து மெல்ல எழுந்தார். அவர் எழும்புவது ஏழு மணிக்கு. எட்டரைக்குப் பார்க்கும்போது போத்தல் காய்ந்திருக்கும். கண்டதை எழுதினார்.

"ஐயா, இவ்வளவு மழை பெய்தும் ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"கதை வேண்டாம், எண் மட்டும் போடுங்கோ எண்டு குழுவிலை போட்டது நீங்கள்தானே, பிள்ளை. நான் முப்பத்தாறு வருசம் சுற்றுநிருபத்துக்குக் கீழ்ப்படிஞ்ச ஆள்."

போட்டது அவள்தான். காலை வணக்கப் பூக்களும் சாமிப் படங்களும் எண்களை மூடுகின்றன என்று ஆவணியில் போட்டாள். ஆறு வாரம், பன்னிரண்டு பக்கம், செம்மண்ணின் சூடு எல்லாம் கறிவேப்பிலைக்குத்தான் போயிருக்கின்றன. மரமும் மதமதவென்று வளர்ந்துதான் நின்றது.  அழப்போகிறேன் என்று பயந்தாள். சிரிப்பாக வந்தது. ஈரப் படியில் குந்தியிருந்து, மூச்சு முட்டும்வரை சிரித்தாள். சிரிக்கும்போதே உள்ளே ஒரு மூலையில் தெரிந்தது, அவளுக்கு இது முன்பே தெரியும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

"உந்தப் போத்தலின்ரை வாய் ஒடுக்கம், அன்ரி. நுளம்பு போகாது."

"நுளம்பு உங்கடை திணைக்களத்திட்டைக் கேட்டுப்போட்டே போகுது?"

கடைசியில் ஒரு வழி கண்டார்கள். பாலேஸ்வரி ஊற்றட்டும். ஆனால் முதலில் அளவுக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்து, குசினிக் கலண்டரில் எழுதிவிட்டு மரத்துக்கு ஊற்றட்டும். ஐயா எட்டரைக்கு எல்லாவற்றையும் கூட்டிப் போடட்டும். கூட்டுகிற வேலையை ஏன் இவருக்குக் கொடுக்கவேண்டும் என்று பாலேஸ்வரி கேட்டார். சிவசுப்பிரமணியம் அளவுக் குவளையை அவரிடமே நீட்டினார். அந்த இடத்திலேயே அவர் குழுவில் சேர்ந்துகொண்டார். போத்தலோடு அவர் நிற்பதை நிவேதனா படமெடுத்தாள்.

அன்றிரவே அவள் தொலைபேசியில் சொன்ன முழுவதையும் அருளம்பலம் சேர் கேட்டு முடித்தார்.

"காய்ச்சல் எண்டு சொல்லிப்போடுவமோ, நிவேதனா? மெல்ல மெல்ல மறந்துபோவினம்."

அவளுக்கும் ஆசைதான். ஒரு கணம் காய்ச்சல்கூட அடித்தது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டால் அந்த வட்டம் கொழும்பில் யாருடையவோ கோப்பில் அப்படியே இருக்கும். ஒருநாள் கணினிக்குள்ளும் போகும். உடுவிலில் மழை பெய்யாது என்று அது நம்பத் தொடங்கும், அவளைப் போலவே. கூட்டத்தில் தானே கதைப்பதாகச் சொன்னாள். பன்னிரண்டு பக்கத்தையும் அழித்துவிட்டு அந்தப் போத்தல் படத்தை வைத்தாள். அப்படியே, குழுவில் தான் போட்ட கட்டளையையும் அழித்தாள்.

மறுநாள் எட்டரைக்கு உடுவிலிலிருந்து வந்தது: "46.2. மூண்டு தரம் ஊத்தினது. கணக்குச் சரி. இவர் பார்த்தவர்."

அந்த எண்ணைப் பார்க்க, ஐந்தாவது பூச்சியத்தைப் பார்த்த அன்று அடித்த மாதிரியே நெஞ்சு அடித்தது. அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்குத் திரையில் பதினெட்டு முகங்கள். உடுவில் வறட்சி வலயம் பற்றி யாழ்ப்பாணம் பேசும் என்று தலைவர் அறிவித்தார். அப்படி ஒரு வலயம் இல்லை என்று தொடங்கி, கேட்காமல் விட்ட கேள்வி உட்பட, நடந்ததை நடந்தபடி சொல்லி முடித்தாள்.  யாரோ ஒருவர் மூக்கால் சிரித்ததுதான் முதல் சத்தம். பிறகு பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். மட்டக்களப்பு அலுவலர் மட்டும் சிரிப்பை நிறுத்தி, தன் அட்டவணையைப் புரட்டி, தங்கள் பக்கத்திலும் இரண்டு பூச்சியங்கள் இருப்பதாகவும் அந்த வீடுகளில் காலையில் முற்றம் கூட்டுவது யார் என்று விசாரிக்கவேண்டும் என்றும் சொன்னார். விசாரிக்கவேண்டிய கேள்விகளை அவளையே எழுதி அனுப்பும்படி தலைவர் கேட்டார்.

மேசையில் கைபேசி அதிர்ந்தது. பாலேஸ்வரி. வெளியே மழை பிடித்திருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"இப்ப 3.4. ஊத்திப்போட்டன். இஞ்சை நல்ல மழை, பிள்ளை, உங்கை எப்பிடி?"

பதினெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒலிவாங்கியை மூடக்கூடத் தோன்றாமல், நிவேதனா பதில் எழுதத் தொடங்கினாள்.