அறையைச் சுற்றிக் காட்டவும்

1
இது என் தங்கை சொன்ன கதை. அவள் பல்கலைக்கழக விரிவுரையாளர். சொல்லி முடித்துவிட்டு, "எழுதிக்கோக்கா, ஆனா என்னை நல்லவளா ஆக்கிடாதே" என்றாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'இணையவழிக் கல்விக்கு நம் பல்கலைக்கழகங்கள் எந்த அளவுக்கு ஆயத்தமாக...'

(வேண்டாம். கட்டுரை வாடை.)

2
தங்கையின் பல்கலைக்கழகத்தில் ஆயத்தமாகத்தான் இருந்தார்கள். புது சர்வர், பாட வீடியோக்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி. காப்பியடிப்பதைத் தடுக்க ஒரு விதியும் இருந்தது: வினாத்தாள் திறக்குமுன் மாணவர் தன் அறையைக் கேமராவில் சுற்றிக் காட்ட வேண்டும். கூட ஆள் இருந்தால் தேர்வு ரத்து. ஆசிரியர் கூட்டத்தில் அதற்கு முதலில் கைதூக்கியவள் தங்கை.

3
இறுதித் தேர்வன்று வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக் கண்காணித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் மட்டும் கேமராவைத் திருப்பவில்லை.

"ரூமைக் காட்டும்மா."

"காட்டியே ஆகணுமா மேம்?"

"உனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

(இந்த வரியை அடித்து அடித்துத் திரும்ப எழுதினேன். தங்கை அப்படிப் பேசுகிறவள் அல்ல. அன்று பேசினாள்.)

கேமரா மெல்ல நகர்ந்தது. அலமாரி. ஜன்னல். சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்த ஐந்து பேர். பிறகு கட்டில். அதில் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திய ஒருவர்.

"அப்பா மேம். காலைல போயிட்டாங்க."

"ஏம்மா... சொல்லலியே?"

"ஆபீசுக்கு மெயில் போட்டேன் மேம். பரிசீலனையில இருக்குன்னு பதில் வந்துச்சு. எழுதலேன்னா ஒரு வருஷம் போயிடும்னு அம்மாதான் உட்கார வச்சாங்க. சிக்னல் இந்த ரூம்லதான் வருது. எழுதட்டுமா மேம்?"

அதற்குள் திரையில் ஒரு பெட்டி திறந்தது: 'அறையில் கூடுதலாக ஆறு நபர்கள். தேர்வை ரத்து செய்யலாமா?'

ஆறு. அவரையும் சேர்த்து எண்ணியிருந்தது.

4
'தங்கை "வேண்டாம்" என்ற பொத்தானை அழுத்தினாள். அந்தப் பெண் பேனாவை...'

(நல்லவளாகிவிட்டாள். அடித்தாயிற்று.)

'தங்கை லேப்டாப்பை மூடிவிட்டு அந்த வீட்டுக்கே கிளம்பி...'

(இன்னும் நல்லவளாகிவிட்டாள்.)

நடந்தது இதுதான். அவள் எதையும் அழுத்தவில்லை. அந்தப் பெட்டியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காத்திருந்து பார்த்த கணினி தானே ரத்து செய்துவிட்டது. பெண்ணின் முகம் திரையிலிருந்து போய்விட்டது.

மறுநாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போய் நின்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சிஸ்டம் சரியாத்தானே வேலை செஞ்சிருக்கு?" என்றார்.

5
மறுதேர்வு கிடைத்ததா என்பீர்கள். தெரியாது. அந்தக் கோரிக்கையும் பரிசீலனையில்தான்.

இதுவரை எழுதியதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன்.

"முடிவு நீ எழுதாதேக்கா. படிக்கிறவங்களை என் நாற்காலியில உட்கார வை. அந்தப் பொண்ணு எழுதட்டுமான்னு கேட்டப்போ, அவங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு கேளு."

கேட்டுவிட்டேன்.