பகல் தூக்கம்

"கையை எடுங்க. பொத்தானை நான் போட்டு விடறேன்" என்றாள் பெரியவள்.

எதிரே குனிந்திருந்தவள் மறுபேச்சில்லாமல் கையை எடுத்துக்கொண்டாள். செத்துப்போன தங்கைக்கென்று பெரியவள் வீட்டிலிருந்து எடுத்துவந்த சட்டை உடம்பில் தொளதொளவென்று கிடந்தது. இன்னொருத்தியும் உள்ளே புகுந்துகொள்ளலாம். தங்கை இவ்வளவு இளைத்துப்போனது கூடப்பிறந்தவளுக்குத் தெரியவில்லை, எதிரே நிற்பவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எரிச்சல்.

"அவங்க அளவுக்கு ஒண்ணு துவைச்சு வெச்சிருக்கேன், அக்கா. கொண்டு வரட்டுமா?"

"நான் அவளுக்குத்தான் அக்கா. இதுவே இருக்கட்டும்."

வீடில்லாத பெண்கள் காலையில் வந்து மாலையில் கிளம்பிப்போகிற இடம் அது. குளிக்கலாம், துணி துவைக்கலாம், சூடாக ஏதாவது குடித்துவிட்டுக் காலை நீட்டலாம். ஏன் வந்தாய், யார் துரத்தினார்கள் என்று வாசலில் எவரும் கேட்பதில்லை. பின்பக்கம் ஒரு தூங்கும் அறை இருந்தது. பேருந்து நிலையத்திலும் கடை வாசலிலும் இரவெல்லாம் பையைக் கட்டிக்கொண்டு அரைக்கண்ணாய்க் கிடந்தவர்கள் பகலில் அங்கே தூங்கினார்கள். ஒரு காலத்தில் தானும் அங்கே தூங்கிய ஒருத்தி இப்போது அறைக்குள் நாற்காலி போட்டுக் காவல் இருந்தாள். பெரியவளுக்கு எதிரே நிற்கும் அவளுக்குப் பெயரே நாற்காலி என்றாகிவிட்டது. அந்த அறைக்கு ஒரே சட்டம்தான். தூங்குகிறவளை மாலையில் கதவடைக்கும்வரை யாரும் எழுப்பக் கூடாது.

நேற்றும் சட்டப்படியே சின்னவளை யாரும் எழுப்பவில்லை. மாலையில் நாற்காலி தோளைத் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது. மத்தியானமே தூக்கத்தில் இதயம் நின்றிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். செய்தி கேட்டு, பெரியவள் இரவு பஸ் பிடித்துக் காலையில் வந்து சேர்ந்தாள்.

"மத்தியானத்துலேர்ந்து ஒருத்தி அசையாம கிடக்கா. உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரலியா?"

"வரலம்மா. இன்னிக்கு நல்லா தூங்கறாங்கன்னு சந்தோஷமா உட்கார்ந்திருந்தேன்" என்றாள் நாற்காலி.

சந்தோஷமாம். பெரியவள் அடுத்த பொத்தானை வெடுக்கென்று போட்டாள்.

அவளும் சும்மா இருந்துவிடவில்லை. தங்கை புருஷன் வீட்டை விற்றுவிட்டுக் கம்பி நீட்டியதும், முதல் ஆளாகப் போய்க் கையோடு அழைத்து வந்தவள் அவள்தான். மாடி அறையை ஒழித்துக் கொடுத்தாள். புது மெத்தை, புதுத் தலையணை, கதவுக்கு உள்தாழ்ப்பாள். யாரும் தொந்தரவு செய்யக் கூடாதென்று வீட்டுக்காரரைப் படியேறவே விடவில்லை. ஆனால் சின்னவள் தூங்கினால்தானே? விளக்கைப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். சில நாள் அப்படிக் கழித்துவிட்டு, போய்ட்டு வரேன்க்கா என்று போனவள்தான். என் வீட்டு மெத்தை என்ன முள்ளாய்க் குத்தியதா என்ற மனத்தாங்கல் பெரியவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. இங்கே என்னடாவென்றால், குறட்டையும் இருமலுமான கூட்டத்தின் நடுவே, நைந்துபோன விரிப்பில், செத்துப்போகிற அளவுக்கு அவளுக்குத் தூக்கம் வந்திருக்கிறது.

சுவரோரம் பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தி ஈரத்துணியால் சின்னவளின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி விம்மி விம்மி அழுதாள். தன்னைவிடக் கூடுதலாக அழுகிறவளைப் பெரியவள் முறைத்துப் பார்த்தாள்.

"என்னைப் பத்தி ஏதாவது சொல்லுவாளா?" என்று நாற்காலியிடம் கேட்டாள், குரலை வேண்டுமென்றே சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"சொன்னதில்லம்மா. நாங்களும் கேக்கறதில்ல. உங்க நம்பரை மட்டும் குடுத்து வெச்சிருந்தாங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பெரியவளுக்கு.

"எங்க வீட்டுல ஒரு ராத்திரி கண்ணை மூடல. இங்க மட்டும் எப்படித் தூங்கினா? அப்படி என்னதான் குடுத்தீங்க அவளுக்கு?"

"ஒண்ணும் குடுக்கல. மூடின கதவுன்னா அவங்களுக்குப் பயம். பக்கத்துல யாராவது ஒருத்தர் முழிச்சு உட்கார்ந்திருக்கணும். அவ்வளவு போதும்."

தொந்தரவு கூடாது, தொந்தரவு கூடாது என்று பெரியவளும்தான் ஒரு ராத்திரிகூட மாடிப்படி ஏறவில்லை. குனிந்து பார்த்தாள். ஒரு பொத்தான் துளை மாறி விழுந்திருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, மேலேயிருந்து மறுபடி போட ஆரம்பித்தாள்.

உடலை ஊருக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. சின்னவளை ஏற்றிக் கிடத்தியதும் ஓட்டுநர், "பின்னாடி ஒருத்தர்தான் உட்காரலாம். யாரு வரீங்க?" என்றார்.

நாற்காலி தலைவாரிக்கொண்டு தயாராக நின்றிருந்தாள். ஒரு காலைப் படியிலும் வைத்துவிட்டாள்.

"சொந்தம் நான்தான்" என்று பெரியவள் முழங்கையால் அவளை ஒதுக்கிவிட்டு ஏறினாள். நாற்காலி காலைக் கீழே இறக்கிக்கொண்டாள். முகத்தில் கோபம் ஏதும் இல்லை. இருந்திருந்தால் பெரியவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கதவைச் சாத்துமுன் நாற்காலி உள்ளே எட்டிப் பார்த்தாள். "கால்மாட்டுல உட்காருங்கம்மா. கண்ணைத் திறந்தா ஆள் இருக்கறது தெரியணும் அவங்களுக்கு."

பெரியவள் வேண்டுமென்றே தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். செத்தவள் கண்ணைத் திறக்கப்போகிறாளாக்கும். எனக்கு வந்து சொல்கிறாள்.

வண்டி தெருமுனையில் திரும்பியது. வாசலில் நின்றவர்கள் மறைந்துவிட்டார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, மேலே இருந்த கம்பியைப் பிடித்தபடி எழுந்து, கால்மாட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ராத்திரி பூரா பஸ்ல வந்தீங்களாமே" என்றார் ஓட்டுநர் திரும்பாமலே. "தூரம் நிறைய கிடக்கு. கொஞ்சம் கண் அசருங்கம்மா. ஊர் வந்ததும் எழுப்பறேன்."

"வேண்டாம்ப்பா. நான் முழிச்சிருக்கேன்."

ஓட்டுநர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். பெரியவள் சற்று முன்னால் குனிந்து, "முழிச்சுத்தான் இருக்கேன்" என்றாள் இன்னொரு முறை, தாழ்ந்த குரலில். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. விலகிய போர்வையை இழுத்துத் தங்கையின் பாதங்களை மூடிவிட்டாள்.