பத்தாவது ஆள்

பட்ஜெட் வாசித்த அன்று சலவைக்கூடத்தில் ரேடியோ தொண்டை கிழியக் கத்தியும் யார் காதிலும் விழவில்லை. மூன்று வாஷிங் மெஷினும் சேர்ந்து சுழலும்போது நிதியமைச்சர் என்ன, இடியே விழுந்தாலும் அங்கே கேட்காது. பக்கத்து சலூன்காரர்தான் கையில் சீப்போடு ஓடிவந்து வாசலில் நின்று, "சம்பளம் ஏறிடுச்சும்மா! இனிமே இதுக்குக் கீழ யாரும் குடுக்கக் கூடாதாம், சட்டம்!" என்று கத்தினார். பாதி மழித்த முகத்தோடு அவருடைய வாடிக்கையாளரும் பின்னாலேயே வந்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

பெண்கள் ஈரக் கையைத் தட்டினார்கள். சோப்பு நுரை நாலாபக்கமும் தெறித்தது. முதலாளியும் கூடச் சேர்ந்து தட்டினாள். அந்தச் சம்பளத்தைக் கொடுக்கப்போகிறவள் தான்தான் என்பது பாதிக் கைதட்டலில்தான் அவளுக்கு உறைத்தது. ஆரம்பித்ததை நிறுத்தினால் நன்றாக இருக்காது என்று மீதியையும் தட்டி முடித்தாள்.

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்கா, துணி போட வருகிறவர்களுக்கும் அக்கா. ஒரே ஒரு பழைய மெஷினோடு தொடங்கி, இன்று பத்து ஆட்கள் வேலை செய்யும் இடமாக இதை நிமிர்த்தியிருந்தாள். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். அவளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. ஆனால் சம்பள நாள் ஒன்றுகூடத் தவறியதில்லை. மெஷின் ரிப்பேராகிக் கிடந்த மாதத்திலும் தவறவில்லை. அதற்காகத் தன் கழுத்தில் கிடந்ததை விற்றாள்; விற்ற நகையைவிட அந்தப் பெருமைதான் அவளுக்குப் பெரிய நகை.

சாயங்காலம் தம்பி வந்தான். கூடப்பிறந்தவன். தெருவில் உள்ள சின்னக் கடைகளுக்கெல்லாம் கணக்குப் பார்க்கிறவன். முகத்தில் ஈயாடவில்லை.

"சம்பளம் ஏறினதக் கூட எப்படியாவது தாங்கிடலாம்க்கா. அடுத்த அடிதான் பெரிசு. ஆளுக்கு இவ்வளவுன்னு முதலாளி கட்டற வரியையும் ஏத்திட்டாங்க."

"ஏத்தட்டும். நாம மட்டுமா கட்டப்போறோம்?"

"அதுலதான் ஒரு சந்து விட்டிருக்காங்க. ஒம்பது பேர் வரைக்கும் இருந்தா சின்னக் கடை, புது வரி கிடையாது. பத்து ஆயிட்டா, பத்து பேருக்கும் சேத்துக் கட்டணும். நாம சரியா பத்து."

"அதனால?"

"ஒரு ஆளக் குறைச்சா தப்பிச்சோம். கடைசியா வந்தது நெட்டைதானே?"

நெட்டை என்பவள் நிஜமாகவே நெட்டை. உள்ளே நுழையும்போது நிலைப்படிக்கு ஒரு கும்பிடு போடாமல் அவளால் வர முடியாது. சேர்ந்த புதிதில் அவளைக் கொண்டுபோய், இருப்பதிலேயே குள்ளமானவளோடு பெட்ஷீட் மடிக்க ஜோடி சேர்த்தது அக்காவேதான். அவசரத்தில் யோசிக்காமல் செய்தது. ஒருத்தி கையைத் தூக்கினால் இன்னொருத்தி பக்கம் ஷீட் தரையைப் பெருக்கும். இருவரும் பட்ட பாட்டைப் பார்த்து மற்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கடைசியில் இருவரும் ஷீட்டை மேஜைமேல் விரித்து, இரண்டு பக்க ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, இரட்டைக் கதவைச் சாத்துவது போலச் சாத்தி, பிறகு கால்பக்கத்திலிருந்து தலைப்பக்கமாக மடித்துக்கொண்டே போனார்கள். அக்கா பார்ப்பதற்குள் அந்தக் கட்டு, வழக்கமாகத் துணி அனுப்பும் ஹோட்டலுக்குப் போய்விட்டது. தப்பான மடிப்பு. அன்று நெட்டைக்கு விழுந்த திட்டில் சலூன்காரரே கத்தரியைக் கீழே வைத்துவிட்டாராம்.

மறுநாள் வேன் ஓட்டுகிறவர் ஹோட்டலிலிருந்து சேதி கொண்டுவந்தார். அறை சுத்தம் செய்யும் பெண்கள், இனிமேல் எல்லா ஷீட்டையும் அப்படியே மடித்து அனுப்பச் சொன்னார்களாம். ஏன் எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. தன் திட்டு வீணாகிப்போனதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. அன்றிலிருந்து சலவைக்கூடம் முழுக்கக் கதவு மடிப்புத்தான்.

"சரி, அனுப்ப மனசு வரலேன்னா விடு," என்று தம்பி குரலைத் தாழ்த்தினான். "அவ இங்க வேலைக்கு இல்ல, தனியா காண்ட்ராக்ட் எடுத்து மடிச்சுத் தர்றான்னு ஒரு கையெழுத்து வாங்கிக்கலாம். பேப்பர்ல மட்டும்தான். ஊர்ல பாதிப் பேர் அதத்தான் பண்ணப்போறாங்க."

"எங்கண்ணு முன்னாடி மலை மாதிரி நிக்கிறா. அவ இல்லேன்னு எழுதணுமா? மறைக்கறதுன்னு முடிவு பண்ணினா, கொஞ்சம் குள்ளமா ஒருத்தியப் பாத்திருக்கக் கூடாதாடா?"

"விளையாடாதக்கா. மாசம் பொறந்தா கை கடிக்கும். அப்புறம் ஒருத்தி இல்ல, பத்து பேரும் தெருவுல நிப்பீங்க. உனக்கு வறட்டு கௌரவம்."

"இருந்துட்டுப் போகட்டும். மாசக் கடைசிக்குள்ள ஹோட்டல் காண்ட்ராக்ட் புதுசு பண்ணணும். அங்க ரேட்டை ஏத்திக் கேக்கறேன். கிடைச்சா பத்து பேரும் இருப்பாங்க."

"கிடைக்கலேன்னா?"

அக்கா திரும்பிப் பார்த்தபோதுதான் மெஷின்கள் எப்போதோ நின்றுபோயிருந்தது தெரிந்தது. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே மடித்ததையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல் விடாமல் எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அக்கா கதவைத் திறக்கும் முன்பே நெட்டை வாசலில் நின்றிருந்தாள். அவ்வளவு உயரத்தை எங்கே ஒளித்துவைத்தாளோ, தோளைக் குறுக்கி, அக்காவின் காதுக்கு நேராகக் குனிந்தாள்.

"எனக்குப் பழைய சம்பளமே போதும்க்கா. அதுலயும் கொஞ்சம் குறைச்சுக்கங்க. யாருக்கும் சொல்ல மாட்டேன். வேலைய மட்டும் எடுத்துடாதீங்க. வீட்ல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவளுக்கு அழுகையும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"வாய மூடு. இதுக்குக் கீழ குடுக்காதேன்னு சட்டம் சொல்லியிருக்கு. நீ வந்து குறைச்சுக்கோன்னு சொல்றியா? என்னைத் திருடியாக்கப் பாக்கறியா? உள்ள போய் ஏப்ரனைக் கட்டு."

அக்கா கதவைத் திறந்துவிட, நெட்டை உள்ளே போனாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அக்கா வெளியே நின்றாள். திட்டியிருக்கக் கூடாது என்று தோன்றியது. திட்டாமல் வேறென்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

அன்று மத்தியானமே அக்கா ஹோட்டலுக்குப் போனாள். மேனேஜர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். அவர் மேஜைமேலும் அதே பட்ஜெட்தான் உட்கார்ந்திருந்தது.

"நானே உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன்மா. எங்க ஆளுங்க அத்தனை பேருக்கும் சம்பளம் ஏறுது. வரியும் ஏறுது. நீங்க ரேட்டைக் குறைச்சாதான் ஆகும்."

ஏற்றிக் கேட்க வந்தவளிடம் குறைக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

"வேற லாண்டரிக்காரங்க சாம்பிள் குடுத்துட்டுப் போயிருக்காங்க," என்று அவர் ஒரு ஷீட்டை எடுத்து முன்னால் வைத்தார். "உங்களைவிட மலிவு. வெளுப்புல குறை சொல்ல முடியல, பாருங்க."

அக்கா தொட்டுப் பார்த்தாள். உண்மைதான். வெளுப்பு, கஞ்சி, வாசனை எதிலும் குறை இல்லை. தலைக்குக் கால் சேர்த்து, எல்லோரும் மடிக்கிறபடி மடித்திருந்தது. எழுந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அப்போதுதான் அவள் கை, அந்த மடிப்பின் மேலேயே நின்றுவிட்டது. தன் ஷீட்டை ஏன் அப்படி மடிக்கச் சொன்னார்கள் என்று இத்தனை நாளும் கேட்காமல் விட்ட கேள்வி இப்போது வாய்க்கு வந்தது.

"ஒரு ரூமைத் திறந்து காட்டறீங்களா? இந்த ஷீட்டையும் எங்க ஷீட்டையும் போட்டுப் பாப்போம்."

மாடியில் ஒரு அறையில் அறை சுத்தம் செய்யும் அம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முதலில் சாம்பிள் ஷீட்டை விரித்தாள். எது தலை எது கால் என்று பார்த்துத் திருப்பினாள். கட்டிலைச் சுற்றி வந்து இழுத்தாள், மறுபக்கம் போய் இழுத்தாள், நடுவுக்கு வரவில்லை என்று மறுபடி சுற்றினாள். பிறகு அக்காவின் ஷீட்டை எடுத்தாள். தலைமாட்டில் நடுவில் வைத்து ஒரு உதறு. கால்மாடு வரை ஓடி விழுந்தது. கதவைத் திறப்பதுபோல இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. முடிந்தது.

"இதுக்காகத்தான் சார் இப்படி மடிக்கச் சொன்னோம்," என்றாள் அந்த அம்மாள். "நாங்களா வேன்காரர்கிட்ட சொல்லிவிட்டதுதான். உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டோம்."

மேனேஜர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். ஷீட்டை மறுபடி மடித்து, தானே ஒரு உதறு உதறினார். "நானும் இந்த வேலையிலதான்மா சேர்ந்தேன்," என்றார், வெட்கமும் பெருமையுமாக. "நேரா விழுது."

அக்காவுக்கு இப்போது பேச்சு தானாக வந்தது.

"நேத்து வரைக்கும் இவங்க நேரம் உங்களுக்கு மலிவு சார். அதனால எங்க மடிப்பு உங்க கண்ணுல படல. இப்ப இவங்க நேரத்துக்கு விலை ஏறிடுச்சு. அத மிச்சம் பிடிச்சுக் குடுக்கற மடிப்புக்கும் ஏறத்தானே வேணும்? மலிவு ஷீட்டை வாங்கி, கட்டிலைச் சுத்தற சுத்துக்கு நீங்க சம்பளம் குடுக்கப்போறீங்களா?"

மேனேஜர் கூரையைப் பார்த்து மனக்கணக்குப் போட்டார். ரொம்ப நேரம் போட்டார். அக்கா கேட்ட உயர்வில் முக்கால்வாசிக்கு ஒத்துக்கொண்டார். அதற்குமேல் அவர் கையிலும் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அக்கா சரி என்றாள்.

"யாரோட யோசனை இது?" என்று கேட்டார், படி இறங்கும்போது.

"எங்க பத்தாவது ஆளு," என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது, தான் பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

சலவைக்கூடத்துக்குத் திரும்பியபோது தம்பி வந்து காத்திருந்தான். நெட்டை ஏப்ரனைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். குள்ளச்சி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"போன்னு நீங்க சொல்லிக் கேக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்லக்கா. நானே போயிட்டா உங்களுக்கும் சங்கடம் இல்ல."

"பைய இறக்கு. ஹோட்டல்ல ரேட்டை ஏத்திட்டாங்க. எதுக்குன்னு தெரியுமா? நீ அன்னிக்குத் தப்பா மடிச்சியே, அதுக்கு. அதுக்குத்தான் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் திட்டைத் திருப்பி வாங்கிக்கறேன்." பிறகு தம்பியிடம் திரும்பினாள். "பத்து பேர். பத்து பேருக்கும் வரி கட்டிடு."

"ஏத்தின ரேட்டுல முழுசாக் கட்டிவராதேக்கா. புது வேன் வாங்கணும்னு சொன்னியே?"

"பழசு ஓடற வரைக்கும் ஓடட்டும்."

பெண்கள் கைதட்டவில்லை. ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். நெட்டை பையை மெதுவாக இறக்கி வைத்தாள். ஏப்ரனை எடுத்தாள், ஆனால் கட்டவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ யோசித்தாள்.

"அக்கா."

"என்ன?"

"அந்த மடிப்புக்குத்தானே ஏத்திக் குடுத்தாங்க?"

"ஆமா."

"சட்டத்துல சொன்ன சம்பளம் எல்லாருக்கும் உள்ளது. மடிப்புக்குன்னு எங்க ரெண்டு பேருக்கும் தனியா என்ன தருவீங்க?"

குள்ளச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். அக்காவின் கோபம் வழக்கம்போல மூக்கு நுனிவரை வந்தது, ஆனால் அங்கேயே நின்றுவிட்டது. காலையில் தோளைக் குறுக்கிக்கொண்டு, குறைத்துக் கொடுங்கள் என்று காதோடு கெஞ்சிய அதே வாய்தான். இப்போது எல்லோர் முன்னாலும், முழு உயரத்துக்கு நிமிர்ந்து நின்று, கூட்டிக் கேட்கிறது. இந்த இடத்தை நிமிர்த்தியதில் அக்காவுக்கு இதுவரை எத்தனையோ பெருமை உண்டு. இதைப்போல ஒன்று வந்ததில்லை.

அவள் ஒரு ஸ்டூலைக் காலால் நகர்த்தி மேஜைக்கு இந்தப் பக்கம் போட்டாள். இன்னொன்றை அந்தப் பக்கம் போட்டாள்.

"உக்காரு, பேசலாம். சுலபமா குடுத்துடுவேன்னு மட்டும் நினைக்காத."

"நானும் சுலபமா விட்டுடுவேன்னு நினைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு நெட்டை அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.