புளி போட்டுத் தேய்த்த காசுகள்

திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் பதினாலு வருஷமாகக் காய்கறிக் கடை வைத்திருக்கும் அமிர்தத்துக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே கிடையாது. மண்ணோடு இருக்கிற கேரட்டைவிடக் கழுவின கேரட் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடப் போகும். அந்தத் தைரியத்தில்தான் புருஷனுடைய பழங்காசுகளைப் புளி போட்டுத் தேய்த்தாள்.

புருஷன் செம்பியன் கடலூர் – சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. காசு சேர்ப்பது ஒன்றுதான் பைத்தியம். பழைய பாத்திரக்கடைக்கு எடைக்கு வரும் செம்போடு கலந்து வருகிற காசுகளைப் பொறுக்கி, கடைக்காரர் கேட்டதைக் கொடுத்து வாங்கி வந்துவிடுவார். 2009 தை மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி என்று தெரிந்ததும் லீவு போட்டார். கையில் இருந்ததில் பத்தொன்பது காசுகளை விற்றுவிட்டு, பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அடித்த காசு ஒன்றை வாங்கிவிட வேண்டும். மூன்று வருஷத்து ஆசை அது.

அன்று காலையில் அவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது அமிர்தம் டப்பாவைத் திறந்து பார்த்தாள். எல்லாம் கன்னங்கரேலென்று, அங்கங்கே பச்சை பூத்துக் கிடந்தன. நாலு பேர் முன்னால் இதையா எடுத்து வைப்பார்? புளியைக் கரைத்து, நார் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள். பன்னிரண்டாவது காசு தேய்த்து முடிக்கும்போது செம்பியன் வந்து வாசலில் நின்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவள் கை நின்றுவிட்டது.

"எத்தினி தேச்ச?"

"பன்னெண்டு. ஏன் மாமா, பளபளன்னுதான வந்திருக்கு?"

"சரி வுடு. கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாவுது."

திட்டியிருந்தால் தேவலை. பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது அவள் தப்பு பண்ணிட்டனா என்று கேட்டதற்கும், "பெரிசா ஒண்ணுமில்ல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மண்டபத்தில் வரிசையாக மேஜைகள். அந்தோணிசாமி என்ற காசு வியாபாரி செம்பியனுக்கு முன்பே பழக்கம். தேய்த்த பன்னிரண்டும் சோழர் காலத்துச் செப்புக் காசுகள். அந்தோணிசாமி லென்ஸை வைத்து ஒன்றைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். பிறகு லென்ஸைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரு சார் இப்புடித் தேச்சது?"

"நாந்தான்" என்றார் செம்பியன்.

"பதினெட்டு வருசமா சேக்குறீங்க. தேச்சா வெல கொறையும்னுகூடவா தெரியாது?" பக்கத்து மேஜைக்காரரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். செம்பியனும் அசடு வழியச் சிரித்துவைத்தார்.

அமிர்தத்துக்குத் தாங்கவில்லை. "அவுரு இல்லீங்க, நாந்தான் தேச்சேன். தேச்சா ஏன் வெல கொறையுது? அதச் சொல்லுங்க."

அந்தோணிசாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். கேலி போய்விட்டது. "அந்தப் பச்சையும் கருப்பும் தானா ஏறுனதும்மா. பல நூறு வருசம் மண்ணுல கெடந்தாத்தான் அப்புடி ஏறும். அத எடுத்துட்டா காசு பழசா, நேத்து அடிச்ச போலியான்னு வாங்குறவனுக்குச் சந்தேகம் வந்துரும். எழுத்தும் தேஞ்சி போவுது."

அமிர்தம் ஒரு நிமிஷம் யோசித்தாள். "கல்யாணப் பூசணி மேல சாம்பலத் தொடச்சிட்டா எவளும் வாங்கமாட்டா. அந்த மாதிரியா?"

"அதேதான்!"

"கேரட்டுன்னு நெனச்சிட்டேன், பூசணியாப் போச்சி" என்று அவள் சொன்னதும், காலையிலிருந்து முதல் தடவையாகச் செம்பியன் வாய்விட்டுச் சிரித்தார்.

தேய்த்த காசுகளுக்குத் தலைக்கு இருபது ரூபாய் என்றார் அந்தோணிசாமி. தேய்க்காமல் இருந்தால் அறுபதாம். ஆயிரம் வருஷத்துக் காசு அறுபதே ரூபாயா என்று அமிர்தம் வாயைப் பிளந்தாள். அவருடைய தட்டில் புதுசு கலையாத இரண்டு ரூபாய்க் காசு ஒன்றுக்கு எண்ணூறு ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருந்தது.

"சோழர் காசு இன்னும் குடம் குடமாக் கெடைக்குதும்மா. இந்த ரெண்டு ரூபாக் காச அந்த வருசம், அந்த நாணய ஆலைல கொஞ்சந்தான் அடிச்சாங்க. வயசுக்கு வெல கெடையாது. எத்தினி இருக்குது, எத்தினி பேரு தேடுறாங்க, எந்த நெலமைல இருக்குது, அவ்ளோதான்."

மழைக்குத் தக்காளி வரத்து நின்றால் என்ன நடக்கும் என்று அமிர்தத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பாக்கி ஏழு காசுகளையும் செம்பியன் மேஜையில் பரப்பினார். இப்போது அமிர்தம் காசுகளைப் பார்க்கவில்லை, அந்தோணிசாமியின் கையைப் பார்த்தாள். கத்திரிக்காய் வேண்டும் என்று வருகிற கெட்டிக்காரி முதலில் வெண்டைக்காய் விலையைத்தான் கேட்பாள். அந்தோணிசாமியும் அதையும் இதையும் புரட்டினார். ஆனால் காளை உருவம் போட்ட சின்னக் காசு ஒன்றின் மேல் அவர் விரல் இரண்டு தடவை போய் வந்தது.

"ஏழும் சேத்து நானூத்தி இருவது" என்றார்.

அமிர்தம் காளைக் காசை எடுத்து முந்தானையில் முடிந்தாள். "இது வுட்டு மத்த ஆறுக்குச் சொல்லுங்க."

"அது ஒண்ணுக்கே இருநூறு தரேனே."

"வேணாங்க."

"ஐநூறு."

செம்பியன் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். பழைய பித்தளைக் குடம் ஒன்றோடு எடைக்கு வந்த அந்தக் காசை அவர் பதினைந்து ரூபாய்க்கு வாங்கியிருந்தார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், "நான் பாக்கலாமாம்மா?" என்றது. ரிட்டயரான சரித்திர டீச்சர், தில்லையம்மாள். சிதம்பரத்துக்காரர். அந்தோணிசாமி அவரைக் கண்டதுமே பெருமூச்சு விட்டார்.

அமிர்தம் அவிழ்த்துக் கொடுத்த காசை டீச்சர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேந்தமங்கலத்துல ஆண்ட காடவராயரோடதா இருக்கலாம். இந்த ரெண்டு எழுத்தும் தெளிவா இருக்கற ஒரு காசுக்காகப் பதினோரு வருஷமா தேடுறேன். இத நீங்க தேய்க்காம வுட்டதே பெரிய புண்ணியம்."

"பதிமூணாவதா தேச்சிருப்பேங்க. இவுரு வந்துட்டாரு."

டீச்சர் சிரித்தார். ஆசையை மறைக்கத் தெரியாத மனுஷி. "மூவாயிரம் ரூபா தரேன். பென்ஷன்ல அதுக்கு மேல முடியாது."

அமிர்தம் அந்தோணிசாமியைப் பார்த்தாள். அவர் கையை விரித்தார். "நான் ரெண்டாயிரத்துக்கு மேல போனா கட்டுப்படியாவாது. எனக்கு லாபம் வேணும், டீச்சருக்கு அந்தக் காசே வேணும். அவுங்களோட நான் போட்டி போட முடியாதும்மா."

செம்பியன் சம்மதமாகத் தலையாட்டினார். மூவாயிரமும் கைக்கு வந்தது. டீச்சர் காசைக் கைக்குட்டையில் பொதிந்து எடுத்துக்கொண்டு, நின்றவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டே போனார்.

தேய்த்த பன்னிரண்டையும் மற்ற ஆறையும் அந்தோணிசாமியிடமே அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, ஆயிரத்து நூறு ரூபாய்க்கு அவருடைய தட்டிலிருந்தே புதுச்சேரிக் காசை வாங்கினார்கள். ஆயிரத்து நானூறு என்று சீட்டு இருந்தது. பேரம் முழுக்க அமிர்தம். ஒரு பக்கம் லில்லிப்பூ, மறுபக்கம் புதுச்சேரி என்று தமிழ் எழுத்து. செம்பியன் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தால் யாரும் அவரை ஐம்பது வயதுக்காரர் என்று சொல்லமாட்டார்கள்.

"அடுத்த மாசம் விழுப்புரத்துல மேஜ போடுறேன்" என்றார் அந்தோணிசாமி. "வந்தா இந்தப் பக்கம் எங்கூட ஒக்காருங்கம்மா. அந்தப் பக்கம் வேணாம்."

கீழவீதி ஓட்டல் ஒன்றில் இட்லிக்குக் கொத்சு ஊற்றிக்கொண்டே அமிர்தம் கேட்டாள். "நாந்தான் தேச்சேன்னு ஏன் மாமா சொன்ன?"

செம்பியன் இட்லியைப் பிட்டார். "அத்தினி பேருக்கு முன்னால ஒன்னியக் காட்டிக் குடுக்கச் சொல்றியா? என்னப் பாத்துச் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. டிக்கெட் போடுறவன், தெனம் நூறு பேருகிட்ட பேச்சு வாங்குறவன்."

அவள் சப்ளையரைக் கூப்பிட்டு, "சாருக்கு இன்னும் ரெண்டு இட்லி, கொத்சு ஜாஸ்தியா" என்றாள்.