ஏழாவது தறி

மதியம் ஒன்று நாற்பதுக்கு மீனலோசினி லேப்டாப்பைத் திறந்தபோது வீட்டில் வைஃபை இல்லை. மெதுவாக இருந்தாலோ விட்டு விட்டு வந்தாலோ அவளுக்குப் பழக்கம்தான். இது அப்படியில்லை. மூன்று வருடமாகப் பட்டியலில் முதலாவதாக நிற்கும் ‘சங்கர் வீடு’ என்ற பெயரையே காணோம். அந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒரு முன்பின் தெரியாத பெயர் உட்கார்ந்துகொண்டு பாஸ்வேர்டு கேட்டது. வழக்கமான பாஸ்வேர்டைப் போட்டாள். தவறு என்றது. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மறுபடி போட்டாள். அதற்கும் தவறு என்றது.

இரண்டரைக்கு அவளுக்கு ஷிப்ட். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசி அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்கிற வேலை. அந்த டாக்டர்களுக்கு ஆயுத பூஜையும் தெரியாது, சங்கரன்கோவிலும் தெரியாது. அதனால் இன்றைக்கும் லீவு கிடையாது. போனில் இருந்து நெட் எடுக்கலாம் என்றால் கம்பெனி அதை ஒத்துக்கொள்ளாது. கேபிள் லைனில்தான் உள்ளே வர வேண்டும். வரமுடியாமல் போனால் ஒரு எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கை ஆனால் பெயரை எடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தாள். ஒன்று, தெருவில் குழாய் பதிக்க வந்த ஜேசிபி வயரை அறுத்துப் போட்ட நாள். இன்னொன்று, மழையில் கரண்டு போன நாள். இரண்டையும் அவள் வீட்டில் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்த மனுஷருக்கு இருக்கிற கவலை போதாதா என்று விட்டுவிட்டாள்.

அந்த மனுஷர், அவள் கணவர் சங்கரநயினார், வீட்டுக்குப் பின்னால் ஆறு விசைத்தறி போட்டிருப்பவர். காலையில் ஐந்து மணிக்கே எழுந்து, ஆறு தறியையும் பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பத்தரைக்குப் பூஜையை முடித்திருந்தார். சுண்டலும் பொரியும் சாப்பிட்ட களைப்பில் இப்போது கூடத்தில் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தார்.

மீனலோசினி ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரில் இருந்த ரவுட்டரைக் கழற்றித் திருப்பினாள். புதிதாகப் போட்டால் என்ன பெயர், என்ன பாஸ்வேர்டு என்பதெல்லாம் பின்னால் ஒரு ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஸ்டிக்கர் இருந்தது. அதில் எழுத்து ஒன்றுகூட இல்லை. பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் கருப்பு ஈஷியிருந்தது. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

ஸ்டூலில் நின்றபடியே கூடத்துப் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, இதத் தொட்டீகளா?”

சங்கரநயினார் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “ஆமா. ஒரே தூசி. நீ குளிக்கப் போன நேரம் கழத்தித் தொடச்சேன். எப்படிப் புதுசு மாதிரி இருக்குன்னு பாரு.”

“தின்னரு போட்டா?”

“பின்ன, தண்ணி போட்டா மிஷினத் தொடைப்பாக?”

அவளுக்கு ஆத்திரம் வந்தது. திட்டுவதற்கும் நேரம் வேண்டுமே. மணி ஒன்று ஐம்பது. கேபிள் லைன் கொடுத்த ரிஸ்வான் அகமதுக்குப் போன் போட்டாள். ஆறு முறை அடித்த பிறகு எடுத்தான்.

“அக்கா, புளியங்குடி எலுமிச்ச மார்க்கெட்டுகிட்ட கம்பத்துல ஏறி நிக்கேன். ஏதோ லாரி வயர இழுத்துட்டுப் போயிட்டு. சொல்லுங்க.”

சொன்னாள். அவன் நடுவில் குறுக்கிடாமல் கேட்டான். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

“பேரு மாறியிருக்குன்னா பெட்டி ரீசெட் ஆயிருக்குக்கா. வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரி ஆயிட்டு. நான் போட்டுக் குடுத்ததெல்லாம் அழிஞ்சிருக்கும். வைஃபைய விடுங்க. மஞ்ச வயரு ஒண்ணு குடுத்தேன்லா, அத ரவுட்டர்லயும் லேப்டாப்லயும் சொருகுங்க. அதுக்குப் பாஸ்வேர்டு வேண்டாம். அப்புறம் மேல அட்ரஸ் அடிக்கிற எடத்துல ஒன் நைன்ட்டி டூ, ஒன் சிக்ஸ்ட்டி எய்ட், ஒண்ணு, ஒண்ணு. நடுவுல புள்ளி. பக்கம் தொறந்தவொடன கூப்பிடுங்க.”

மஞ்சள் வயர் மேசை இழுப்பறையில் இல்லை. பீரோவுக்கு மேலேயும் இல்லை. அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள். பழைய சார்ஜர்கள் விழுந்தன. தேடுவது எதுவென்று கேட்டுத் தெரிந்துகொண்ட சங்கரநயினாரின் முகம் மாறியது. பின்பக்கம் ஓடினார். அவள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். தறிக் கூடத்து வாசலில் வாழைக்கன்றை நிலையோடு சேர்த்து மஞ்சள் வயரால் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார் மனுஷர்.

“கயிறு பத்தல,” என்றார், முடிச்சை அவிழ்த்துக்கொண்டே. கன்று சாய்ந்து அவர் தோளில் விழுந்தது. அதைத் தள்ளக்கூட இல்லை.

வயரைச் சொருகினாள். எண்களை அடித்தாள். பக்கம் திறந்தது. மூச்சு விட்டாள். யூசர் நேம், பாஸ்வேர்டு என்று இரண்டு கட்டம் நின்றன. ரிஸ்வானைக் கூப்பிட்டாள்.

“அது ஸ்டிக்கர்ல இருக்கும்க்கா.”

“ஸ்டிக்கர்ல ஒண்ணும் இல்ல தம்பி. தொடச்சாச்சு.”

“அது பெட்டிக்குப் பெட்டி வேறக்கா. எங்கிட்ட இருக்காது. பெட்டிய மாத்தணும்னா நான் வரணும். நான் எறங்கி வந்து சேர மூணரை ஆயிரும். கடையும் இன்னைக்குப் பூட்டு. போன்ல வேற யாரும் வழி சொல்ல முடியாது. அந்தப் பாஸ்வேர்டு கெடச்சா கூப்பிடுங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

மணி இரண்டு மூன்று. மீனலோசினி நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் அந்த இரண்டு கட்டமும் காலியாக, கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றன.

“விடு, ஒருநாள் லீவுன்னு சொல்லிரு,” என்றார் சங்கரநயினார்.

அதுதான் அவளை உடைத்தது. “லீவெல்லாம் சொல்ல முடியாது. ரெண்டு எச்சரிக்கை வாங்கியாச்சு. இது மூணாவது. இன்னைக்கு ரெண்டரைக்கு நான் உள்ள இல்லன்னா நாளைக்கு எனக்கு வேலை இல்ல.” குரல் அவளையும் மீறி உயர்ந்திருந்தது. “ஆறு தறி இருக்குல்லா உங்களுக்கு. அதத் தொடச்சிட்டுப் போக வேண்டியதுதான. இதப் போயி எதுக்குத் தொட்டீக?”

அவர் கையில் ஒட்டியிருந்த வாழைப்பாலை வேட்டியில் துடைத்தார்.

“நாலு தறி நின்னு கெடக்கு. மிச்ச ரெண்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுது. தெனமும் ஓடுற மிஷினு இந்த வீட்டுல இது ஒண்ணுதான. அதான் இந்த வருஷம் மொதப் பொட்டு இதுக்கு வச்சேன்.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சேர்த்தார். “பின்னால சின்னதா ஒரு ஓட்டை இருந்துச்சு. அடச்சிருக்குமோன்னு ஊசி வச்சு நோண்டுனேன். தறியில எண்ணெ போற ஓட்டைய அப்படித்தான் எடுப்போம். உள்ள என்னமோ அமுங்குன மாதிரி இருந்துச்சு. லைட்டெல்லாம் அணைஞ்சு திரும்ப எரிஞ்சுது. சரி, சுத்தமாயிட்டுன்னு நெனச்சேன்.”

அமுங்கியது ரீசெட் பட்டன் என்று புரிந்ததும் மீனலோசினிக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்திருக்க வேண்டும், ஆனால் கடிகாரம் அதற்கு விடவில்லை. மனுஷர் ஆசையாகச் செய்ததை வைத்து எப்படிக் கோபப்படுவது? கோபப்படாமல்தான் எப்படி இருப்பது?

“போன வருஷமும் இதுக்குப் பொட்டு வச்சீகளா?” என்றாள், ஏதோ கேட்க வேண்டுமென்று.

“வச்சேன். முன்னால வச்சா லைட்டு வழியா சந்தனம் உள்ள போயிருமேன்னு பின்பக்கம் ஓரமா வச்சேன். அப்ப தொடைக்கல.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். “ஏட்டி, போட்டோ எடுத்தேன். வருஷா வருஷம் தம்பிக்கு அனுப்புவேன்லா.”

தம்பி விஜய்சங்கர் ஷார்ஜாவில் இருக்கிறான். பூஜை முடிந்ததும் ஒவ்வொரு மிஷினாகப் படம் பிடித்து அவனுக்கு அனுப்புவது சங்கரநயினாரின் வழக்கம். தம்பி அதற்கு ஒரு கும்பிடு போட்டுப் பதில் அனுப்புவான், அவ்வளவுதான். போனைப் பிடுங்காத குறையாக வாங்கி மீனலோசினி மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். பொங்கல், தீபாவளி, யார் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ. போன ஆயுத பூஜை வந்தது. ஏழு படம் இருந்தது. ஏழும் மங்கலாக, நடுவில் அம்புக்குறியோடு இருந்தன. தொட்டால், கோப்பு இந்தப் போனில் இல்லை என்றது. சித்திரையில் புதுப் போன் மாற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சங்கரநயினார் தம்பியைக் கூப்பிட்டார். அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. மணி இரண்டு ஒன்பது. அங்கே வேலை நேரம். மூன்றாவது முறை எடுத்து, “அண்ணே, யாருக்கு என்ன?” என்று பதறினான். வெளிநாட்டில் இருப்பவனுக்கு வீட்டிலிருந்து மூன்று முறை போன் வந்தால் வேறு எப்படிக் கேட்பான்? ஒன்றுமில்லை, போன வருஷ ரவுட்டர் படம்தான் வேண்டும் என்று சொல்லிப் புரியவைக்கவே ஒரு நிமிடம் ஆயிற்று.

இரண்டு பதினான்குக்குப் படம் வந்தது. ரவுட்டரின் முதுகு, ஓரத்தில் பொட்டு, நடுவில் தூசி படிந்த ஸ்டிக்கர். விரலால் பெரிதாக்கினாள். தூசிக்கு அடியில் எழுத்துகள் இருந்தன. அவர் ஒவ்வொன்றாக வாசித்தார், அவள் அடித்தாள். முதல் முறை ஏற்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவளே வாசித்து அவளே அடித்தாள். உள்ளே போனது.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றான் ரிஸ்வான் போனில், கம்பத்திலிருந்து இறங்கி நின்று. “இப்ப இன்டர்நெட்னு ஒரு பக்கம் இருக்கும். அதுல யூசர் நேம் உங்க போன் நம்பரு. பாஸ்வேர்டு நான் இங்கேருந்து புதுசா போட்டுத் தாரேன். லைன்லயே இருங்க.”

இருந்தாள். அவன் சொல்லச் சொல்ல நிரப்பினாள். சேமி என்பதை அழுத்தியதும் ரவுட்டரில் எல்லா விளக்கும் அணைந்தது. சங்கரநயினார் ரவுட்டருக்கு முன்னால் கைகட்டி நின்றார். கையைப் பிடித்து இழுத்தால்கூட அதைத் தொட மாட்டார் போலிருந்தது. ஒரு விளக்கு வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது சிவப்பாக மினுக்கியது, மினுக்கியது, மினுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு இருபத்தேழுக்குப் பச்சையானது.

இரண்டு இருபத்தொன்பதுக்குக் கம்பெனித் திரையில் அவள் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி விழுந்தது. முதல் டாக்டர் யாருடைய முழங்கால் வலியைப் பற்றியோ பேச ஆரம்பித்தார். அந்த முழங்கால் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மீனலோசினி மனசார வேண்டிக்கொண்டாள்.

ஐந்து மணிக்குப் பதினைந்து நிமிடம் இடைவேளை. டீயை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். தறிக் கூடத்தில் சங்கரநயினார் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அந்தச் சுவரில்தான் ஒவ்வொரு தறிக்கும் ஒரு வரி சாக்பீஸால் எழுதியிருக்கும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் பாவு நூல் ஏற்றிய தேதி. மூன்று முதல் ஆறு வரை ‘நிறுத்தம்’, பக்கத்தில் நின்ற தேதி. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது.

7 – ஓடுது. ஊசி படக்கூடாது.

அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

“தறி நின்னா நின்ன தேதிய எழுதி வைப்பேன்லா,” என்றார் அவர், திரும்பாமல். “உனக்கு நின்ன ரெண்டு நாளும் எதுன்னு எனக்குத் தெரியாது. சொல்லு, எழுதுதேன்.”

மீனலோசினி டம்ளரைத் தறி மேல் வைத்தாள். இரண்டு தேதியையும் சொன்னாள். அவர் ஏழுக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார்.