போர்த்தக்கூடாத தகடு

சுடலைக்கண்ணனுக்கு வேலையே போர்த்துவதுதான். செம்பூரைத் தாண்டி டிராம்பே போகிற வழியில் ஒரு கம்பெனி. அங்கே நீராவிக் குழாய்களுக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றி, மேலே அலுமினியத் தகடு அடிக்க வேண்டும். சூடு துளிகூட வெளியே போகக்கூடாது. அன்றும் ஓரிடம் விடாமல் பஞ்சு சுற்றிவிட்டு, தகடு அடிக்கும் முன் கையெல்லாம் அரிக்க உட்கார்ந்திருந்தான்.

சூப்பர்வைசர் ஜாபெஸ் வந்து குழாயைத் தடவிப் பார்த்தார். "இங்கன ஒரு பெட்டி இருந்துச்சே ஓய்?"

"சீப்புப் பல்லு மாதிரி தகடு வச்சதா சார்? அதையும் சேத்துப் பொதிஞ்சாச்சு."

ஜாபெஸ் முகம் வெளுத்தது. "அதுக்கு வயரும் இல்ல, பாட்டரியும் இல்ல. அடியில குழாய்ச் சூடு, மேல தகட்டுல காத்துக் குளிர்ச்சி. அந்த வித்தியாசத்துலதான் அதுக்குக் கரண்டு. ரெண்டும் ஒரே சூடானா செத்துப்போகும். குழிக்குள்ள கேஸ் வந்தா கத்துற பெட்டிவே அது!"

குழாயை ஒட்டியிருந்த வால்வுக் குழிக்குள் பேச்சிராஜா இருந்தான். தங்கச்சி மாரீஸ்வரியின் புருஷன். வால்வு இறுக்க இறங்கும்போது, "பெட்டி கத்தாதவரைக்கும் பயமில்ல மச்சான், நீரு போயி கட்டிங் சாய் குடியும்" என்று சிரித்துவிட்டுப் போனவன்.

"மாஸ்க் எடுத்துட்டு ஜல்தி வாரேன். நீரு உள்ள இறங்கிராதீரும்!" ஜாபெஸ் ஓடினார்.

சுடலைக்கண்ணன் குழி வாயில் குப்புறப் படுத்துக் கத்தினான். "மாப்ளே! வெளிய வாரும்! வாரும்யா!" நீராவி இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. கீழே, வளைவுக்கு அப்பால், டார்ச் வெளிச்சம் சுவரில் விழுந்து கிடந்தது. அசையவே இல்லை. ஏணியில் ஒரு காலை வைத்தான். இறங்கினால் ரெண்டு பேரும் போய்ச் சேர வேண்டியதுதான். காலை எடுத்துக்கொண்டான். எடுத்ததை நினைத்து அழுகை முட்டியது.

நகம் கிழியப் பஞ்சைப் பிய்த்தான். பெட்டியில் பச்சை விளக்கு எரியவில்லை. சோதிக்கிற பொத்தானை அழுத்தினான். சத்தமில்லை. பெட்டியின் தகட்டைத் தொட்டான், தோல் பொசுங்கியது. குழாயும் கொதிக்கிறது, தகடும் கொதிக்கிறது. பைத்தியக்காரன் மாதிரி வாயால் ஊதினான். அப்புறந்தான் இடுப்பில் செருகிய தண்ணி பாட்டில் நினைவுக்கு வந்தது.

ஊற்றினான். சுர்ரென்று ஆவி கிளம்பியது. விளக்கு ஒரு தடவை சிமிட்டி அணைந்தது. மிச்சத்தையும் கொட்டினான். பச்சை பிடித்துக்கொண்டது. மறுபடி பொத்தானை அழுத்த விரலை நீட்டினான். விரல் படுவதற்குள் பெட்டி தானாகவே அலற ஆரம்பித்தது.

அப்படியென்றால் உள்ளே கேஸ் இருக்கிறது. எப்போதிருந்து?

டார்ச் வெளிச்சம் ஆடியது. சுவரில் ஏறி இறங்கி, காணாமல் போனது. ஏணி அதிர்ந்தது. ஒரு படி. நின்றுவிட்டது. பிறகு இன்னொரு படி. கை ஒன்று மேலே வந்து காற்றைத் துழாவியது. சுடலைக்கண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து, சட்டைக் காலரைப் பற்றி இழுத்துப் போட்டான்.

பேச்சிராஜா தரையில் கிடந்து வாந்தியெடுத்தான். "தலை சுத்துச்சு மச்சான்... பெட்டிதான் கத்தலியேன்னு உக்காந்துட்டேன்."

சுடலைக்கண்ணன் கை இன்னும் அவன் காலரிலேயே இருந்தது. ஜாபெஸ் மாஸ்க்கோடு ஓடி வந்து, "ஆளு பிழைச்சாச்சு, சட்டைய விடும் ஓய், மூச்சு விடட்டும்" என்றார். அவனும் விடத்தான் பார்த்தான். விரல் விரியவில்லை.