மீனுக்குப் பாவுக்கஞ்சி

பங்குனி உத்திரத்துக்குள் குளத்து நீர் தெளியாவிட்டால் மீன் குத்தகை ரத்து என்று பஞ்சாயத்தார் சொல்லிவிட்டார்கள். எழுபத்திரண்டாம் வருடம் அது. கிணறு வற்றி நிலம் தரிசாகிப்போன கோதண்டபாணிக்குச் செவிலிமேட்டுக் குளம் ஒன்றுதான் பிழைப்பு.

அவன் செய்த தவறும் பக்தியில் செய்ததுதான். கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவன். ஜீவன்களுக்குத் தீனி போடுவதில் கணக்குப் பார்க்கலாமா என்று, தவிட்டையும் கடலைப் பிண்ணாக்குத் தூளையும் இரு வேளையும் வாரி வாரி இறைத்தான். மீன் தின்றது கொஞ்சம். மீதி கரைந்து அடியில் அழுகியது. நீர் பச்சையாகி நாறியது.

மீன்வளத் துறை அலுவலர் வேணுகோபால் சைக்கிளில் வந்து பார்த்தார். அழுகும் தீனி நீருக்கு எரு, அந்த எருவில்தான் பாசி செழிக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். தீனியைப் பாதியாகக் குறைத்து, கரையாத உருண்டையாக்கி, கூடையில் வைத்து இறக்கச் சொன்னார். எதைச் சேர்த்தால் கரையாது என்பதை இருவரும் சேர்ந்தே தேடினார்கள். மைதாக் கூழில் பிடித்த உருண்டை வெற்றிலை மென்று முடிப்பதற்குள் வாளித் தண்ணீரில் கரைந்துபோனது. களிமண் சேர்த்ததை மீன் சீண்டவில்லை.

இதற்குள் நெசவாளர் கைலாசத்துக்கு நஷ்டமாகிவிட்டது. கரையோரம் பட்டு நூலை அவித்து, குளத்து நீரை மொண்டு அலசுகிறவர் அவர். கல்யாணப் புடவைக்கு வைத்திருந்த வெள்ளை நூல் பச்சையேறி மங்கிப்போனது. பஞ்சாயத்தில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் குத்தகை அன்றே போய்விடும். ஏனோ அவர் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்கக் கோதண்டபாணி காலையில் போனான். தறியில் ஏற்றவேண்டிய நீள இழைகளைத் தெருவில் பாவாக நீட்டி, கைலாசமும் மனைவி மங்கையர்க்கரசியும் நூலுக்குக் கஞ்சி தோய்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கைகூப்பி நின்றான்.

"நூலு போனா போவுதுபா, வேற அவிச்சிக்கலாம்" என்றார் கைலாசம். "உன் மீனு எப்படி இருக்குது?"

திட்டு வாங்க வந்தவன் கூப்பிய கையை இறக்கினான். உருண்டை கரைகிற கதையைச் சொன்னான். மங்கையர்க்கரசி சிரித்தாள்.

"இழை பிரியாம நூலைப் புடிக்கிற கஞ்சி, தவிட்டப் புடிக்காதா? ஒரு செம்பு மிச்சம் இருக்குது, எடுத்துக்கினு போ."

"மீனுக்குப் பாவு போடப் போறியாபா?" என்று கைலாசம் கேலி செய்தார்.

அவசரத்தில் அவன் ஈர உருண்டைகளையே கூடையில் இறக்கினான். அவையும் கரைந்தன. மறுநாள் தயங்கித் தயங்கிப் போய் நின்றபோது, வெயிலில் காயாத பாவு தறி ஏறுமா என்று கேட்டுவிட்டு மங்கையர்க்கரசி மறுபடியும் செம்பை நிரப்பிக் கொடுத்தாள். காயவைத்து விடியலில் போட்ட உருண்டை, கோயிலில் உச்சிக்கால மணி அடிக்கும்வரை வாளியில் அப்படியே கிடந்தது. வேணுகோபால் அதை எடுத்து, குழந்தையைப் போல உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்தார்.

அதன்பின் மீன் தின்றது போக மிஞ்சியதைக் கூடையோடு தூக்கிவிட முடிந்தது. பாவு தோய்க்கும் நாளெல்லாம் வாசலில் அவனுக்கென்று ஒரு செம்பு கஞ்சி மூடி வைத்திருந்தது. நீர் மெல்லத்தான் தெளிந்தது. தெளியாத நாட்களில் அவன் காமாட்சியம்மனை வேண்டிக்கொண்டு, பழக்கத்தில் தவிட்டுக் கூடைக்குப் போகும் கையை அடக்கிக்கொண்டான்.

உத்திரத்துக்கு முன்தினம் பஞ்சாயத்துத் தலைவர் கரைக்கு வந்து, "தண்ணி எப்படிய்யா இருக்குது?" என்று கைலாசத்திடம் கேட்டார். கைலாசம் ஒரு குடம் நீர் மொண்டார். வெள்ளைப் பட்டு நூல் சிட்டம் ஒன்றை அதில் அலசிப் பிழிந்து வெயிலில் உதறிக் காட்டினார். மல்லிகை நிறம் மாறவில்லை. குத்தகை தொடரட்டும் என்று தலைவர் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் மீன்பிடிப்பு அமோகம். வேணுகோபாலுக்கு ஒரு பெரிய கெண்டை போனது. கைலாசம் வீடோ சுத்த சைவம். எதைக் கொண்டுபோவது என்று கோதண்டபாணி யோசித்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் விடிந்ததும் கைலாசம் குடத்தோடு வந்தபோது, அவர் இறங்கும் படிகளில் அவன் தென்னந்துடைப்பத்தால் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இது என்னாபா வேலை?"

"உங்களுக்கு மீனு குடுக்க முடியாதேண்ணா."

கைலாசம் தேய்த்த படியில் அழுத்திக் காலூன்றி இறங்கினார். குடத்தை நிரப்பிக்கொண்டு ஏறும்போது, "இன்னிக்கிப் பாவு பெருசு, கஞ்சி நெறைய மிஞ்சும். பெரிய செம்பா எடுத்துக்கினு வா" என்றார்.